ஜூலிப் போட ஒரு மணி நேரம், அதுலேர்ந்து மெயில் போக வைக்க நாலு நாள்

முதல்லயே சொல்லிர்றேன், இது ஜூலிப் சாட் (கம்பெனி ஆளுங்க குரூப்பா பேசிக்கிற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்) நல்லாருக்கா இல்லையான்னு சொல்ற ரிவ்யூ இல்லைங்க. அதுக்கு வேற ஆளுங்க நிறைய இருக்காங்க. சொந்த சர்வர்ல ஜூலிப்ப போட்டா அதுலேர்ந்து மெயில் வெளிய போறதுக்கு என்னென்ன பண்ணனும், அந்த வேலைய அவங்க எந்தளவுக்கு சுலபமா வச்சிருக்காங்க, எந்த இடத்துல நம்ம கைய விட்டுர்றாங்க, அத மட்டும்தான் எழுதப்போறேன். ஏன்னா சர்வர் போட்டது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. மெயில் ஒழுங்கா எல்லாருக்கும் போனது புதன்கிழமை ராத்திரி. நடுவுல நடந்ததுல பாதிக்கு மேல நானே பண்ணிக்கிட்ட கூத்து.

கதை இதுதான். திருப்பூர்ல நமக்கு தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி வச்சிருக்கார். ஆபீஸ்ல மட்டும் 38 பேர், மெர்ச்சண்டைசர், சாம்பிளிங், அக்கவுண்ட்ஸ், டாக்குமெண்டேஷன்னு. எல்லாமே வாட்ஸப்ல ஓடிட்டு இருந்துச்சு, ஒரு பையருக்கு ஒரு குரூப், அதுக்குள்ள பத்து ஸ்டைல், லேப் டிப் (கலர் சரியான்னு பாக்கற துணி சாம்பிள்) அப்ரூவல் போட்டோவும் பொங்கல் வாழ்த்தும் ஒண்ணா கெடக்கும். ஒரு தடவ பழைய லேப் டிப் போட்டோவ பாத்துட்டு டையிங்குக்கு சொல்லி 300 கிலோ துணி வேற கலர்ல வந்து நின்னுச்சு, அன்னிக்குதான் அண்ணன் என்னைய கூப்ட்டு "ஏந்தம்பி, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க"ன்னார். ஜூலிப்ல சேனலுக்குள்ள டாபிக்னு ஒண்ணு இருக்கு பாருங்க, பையர் பேர்ல சேனல், ஸ்டைல் நம்பர் பேர்ல டாபிக்னு வச்சா இந்த ஊர் வேலைக்குன்னே அளவெடுத்து தச்ச மாதிரி உக்காந்துக்குது. 2014ல டிராப்பாக்ஸ் வாங்கி 2015ல ஓப்பன் சோர்ஸா வெளிய விட்ட சாமான், அதுக்கப்புறம் பல வருசம் தேஞ்சு பளபளன்னு ஆயிருக்கு.

2 ஜிபி ராம், கொஞ்சம் ஸ்வாப், உபுண்டு 24.04, ஒரு சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கற சர்வர்). இன்ஸ்டாலர ஓட்டுனா அதுவே போஸ்ட்கிரெஸ், ராபிட்எம்கியூ, ரெடிஸ், என்ஜின்எக்ஸ் எல்லாத்தையும் போட்டு, சர்டிஃபிகேட்டும் வாங்கி வச்சு, கடைசில ஒரு லிங்க் குடுக்குது, அதுல போய் ஆர்கனைசேஷன் உருவாக்கிக்கலாம். இங்கதான் ஏமாந்துருவோம், ஏன்னா அந்த முதல் அக்கவுண்ட்டுக்கு மெயிலே தேவையில்ல. நான் பாட்டுக்கு உள்ள போய்ட்டேன், சேனல் எல்லாம் போட்டு, லோகோ மாத்தி, 37 பேருக்கு இன்விட்டேஷன் தட்டிவிட்டுட்டு போய் தூங்கிட்டேன். ஞாயிறு காலைல ஒருத்தருக்கும் வரல. அண்ணன் போன்ல "என்னங் தம்பி, லெட்டர் வரும்னீங்க"ங்கிறார்.

சாட்டுக்கு எதுக்குப்பா மெயில்னு நீங்க கேக்கலாம், நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா புது ஆள் உள்ள வர்றதுக்கு கன்ஃபர்மேஷன் மெயில், பாஸ்வேர்டு மறந்தா ரீசெட் மெயில், புது போன்லேர்ந்து லாகின் பண்ணா எச்சரிக்கை மெயில், ஆள் இல்லாதப்ப யாராச்சும் கூப்ட்டா அதுக்கு ஒரு மெயில், எல்லாமே இந்த ஒரே குழாய்லதான் போகுது. கமாண்ட் லைன்ல யூசர உருவாக்கலாம், பாஸ்வேர்டையும் மாத்தி விடலாம், ஆனா 38 பேருக்கு தெனமும் எவன் உக்காந்து மாத்திக் குடுக்கறது. இதுல இன்னொரு விஷயம், சொந்தமா ஹோஸ்ட் பண்றவங்களுக்கு மொபைல் புஷ் நோட்டிஃபிகேஷன் அவங்க சர்வர் வழியாதான் போகணும், அது 10 பேர் வரைக்கும்தான் இலவசம், அதுக்கு மேல போற கம்பெனின்னா காசு கட்டணும். அண்ணன் "மொதல்ல ஆளுங்க யூஸ் பண்றாங்களான்னு பாப்போம், அப்புறம் கட்டலாம்"னுட்டார். அப்ப போன்ல டிங்குன்னு சத்தம் வர்றதுக்கு இருக்குற ஒரே வழி மெயில்தான்.

சரி, இப்ப ஜூலிப் பக்கம் எப்படி இருக்குன்னு பாப்போம். ரெண்டு ஃபைல்தான். ஈடிசி ஜூலிப் ஃபோல்டருக்குள்ள செட்டிங்ஸ்.பை ஒண்ணு, அதுல ஹோஸ்ட் (மெயில் அனுப்பற சர்வர் பேர்), யூசர், போர்ட் (எந்த நம்பர் கதவு வழியா போகணும்), டிஎல்எஸ் (பேச்ச பூட்டி அனுப்பறது) வேணுமா வேணாமா, இந்த நாலு வரி முன்னாடி ஹேஷ் போட்டு கெடக்கும், ஹேஷ எடுத்துட்டு நம்மளது எழுதணும். பாஸ்வேர்டு மட்டும் பக்கத்துலயே ஜூலிப்-சீக்ரெட்ஸ்.கான்ஃப்னு தனி ஃபைல்ல. இத நான் பெரிய பிளஸ்ஸா பாக்கறேன், செட்டிங்ஸ் ஃபைல யாருக்காச்சும் காட்டி சந்தேகம் கேக்கறப்ப பாஸ்வேர்டும் சேந்து போயிராது. ஒவ்வொரு வரிக்கும் மேலயே இது எதுக்கு, எப்ப மாத்தணும்னு கமெண்ட் எழுதி வச்சிருக்காங்க, அதுவும் மனுசன் எழுதுன மாதிரி. பாதி டாக்குமெண்டேஷன் அந்த ஃபைலுக்குள்ளயே இருக்கு.

அப்புறம் அந்த டெஸ்ட் கமாண்ட். மேனேஜ்.பை சென்ட் டெஸ்ட் இமெயில்னு அடிச்சு பக்கத்துல நம்ம மெயில் ஐடிய குடுத்தா போதும், ஜூலிப் யூசரா மாறி ஓட்டணும், அவ்ளோதான். இந்த ஒரு கமாண்டுக்கே நான் தனியா ரெண்டு மார்க் குடுப்பேன். ஏன்னா இது ஒரு மெயில் இல்ல, ரெண்டு மெயில் அனுப்புது, அட்மின்னு நாம குடுத்த அட்ரஸ்லேர்ந்து ஒண்ணு, நோரிப்ளை அட்ரஸ்லேர்ந்து ஒண்ணு. நிஜத்துல சர்வர் இந்த ரெண்டு பேர்லயும்தான் அனுப்பும், அதுல ஒண்ணு போயி ஒண்ணு போகலன்னா இப்பவே தெரிஞ்சுரும். போகலன்னா பைத்தான் எர்ரர அப்படியே மூஞ்சில அடிக்கும், மூடி மறைக்காது.

முதல் அடி எனக்கு டைம்டு அவுட். ரெண்டு நிமிசம் சும்மா நின்னுட்டு, அப்புறம் டைம்டு அவுட். நான் பாஸ்வேர்ட மாத்தி மாத்தி போட்டுட்டு இருந்தேன், கோமாளித்தனம், ஏன்னா பாஸ்வேர்டு தப்புன்னா அவன் கதவ தொறந்து பாத்துட்டு திட்டுவான், டைம்டு அவுட்டுன்னா கதவு வரைக்குமே நாம போகல. விபிஎஸ் விக்கிற கம்பெனிங்க நிறைய பேர் ஸ்பாம் பயத்துல 25ம் நம்பர் போர்ட்ட அடச்சுதான் குடுப்பாங்க, சில பேர் 465, 587 ரெண்டையும் சேத்து அடச்சிருவாங்க. நான் வாங்குன எடத்துல மூணுமே பூட்டு. கனெக்ஷன் போகுதான்னு பாக்கற என்சி கமாண்ட்ல ஹோஸ்ட் பேரும் போர்ட் நம்பரும் போட்டு பாத்திருந்தா பத்து செகண்ட்ல தெரிஞ்சிருக்கும், நான் மத்தியானம் வரைக்கும் செட்டிங்ஸ்.பைய முறைச்சு பாத்துட்டு இருந்தேன். தொறந்து விடுங்கன்னு சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன், "உங்க அக்கவுண்ட் புதுசு, 60 நாள் ஆகட்டும்"னு பதில் வந்துச்சு, பேர் சொல்ல விரும்பல, விடுங்க. ஆக, ஜூலிப் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி, சர்வர் காசு கட்றதுக்கும் முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ராம் எவ்ளோ, டிஸ்க் எவ்ளோ இல்ல, 587 தொறந்திருக்கான்னுதான்.

அந்த சர்வர்லயே போஸ்ட்ஃபிக்ஸ்ங்கிற மெயில் சர்வர் சாஃப்ட்வேர போட்டு நாமளே நேரா அனுப்பலாம்னு ஒரு யோசன வரும், எனக்கும் வந்துச்சு. வேணாங்க. 25 பூட்டியிருக்கறது ஒரு பக்கம், தொறந்திருந்தாலுமே அந்த ஐபிய நமக்கு முன்னாடி வச்சிருந்தவன் என்ன பண்ணிட்டு போனானோ, அவன் பேர் கெட்டது நம்ம தலைல விடியும், ரிவர்ஸ் டிஎன்எஸ் (இந்த ஐபி யாரோடதுன்னு பேர் சொல்ற பதிவு) ஒழுங்கா இருக்கணும், தெனமும் பிளாக்லிஸ்ட் பாக்கணும். ஒரு சாட் சர்வருக்காக அந்த வேலைய எடுத்துக்கறது ஊர்ப்பட்ட தலவலி. ரிலே, அதாவது நமக்காக மெயில் அனுப்பி வைக்கிற சர்வீஸ் ஒண்ணு புடிச்சு அவங்க வழியா அனுப்பறதுதான் சரி, ஜூலிப் டாக்குமெண்டேஷனும் அதத்தான் சொல்லுது.

ரிலேன்னா எது? முதல்ல எல்லாருக்கும் தோணுறது ஜிமெயில். டூ ஸ்டெப் ஆன் பண்ணி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்கி போட்டா போகும்தான், ஆனா சாதா ஜிமெயில்ல ஒரு நாளைக்கு 500தான், ஃப்ரம் அட்ரஸும் நம்ம டொமைன்ல இருக்காது, நம்ம ஜிமெயில் அட்ரஸாவே மாறிடும், பாக்கறவங்களுக்கு யாரோ தனி ஆள் அனுப்புன மாதிரி இருக்கும். பத்து பேர் இருக்கிற படிப்பு வட்டம், கோயில் கமிட்டி மாதிரின்னா ஓகே. பிரெவோன்னு ஒரு ரிலே, அதுல ஒரு நாளைக்கு 300 மெயில் இலவசம், சின்ன டீமுக்கு அது போதும். நம்ம ஜோஹோவோட செப்டோமெயில்னு ஒண்ணு இருக்கு, இந்த மாதிரி சிஸ்டம் அனுப்பற மெயிலுக்குன்னே பண்ணது, விளம்பர மெயில் அனுப்ப விடமாட்டாங்க, முதல் 10,000 மெயில் இலவசம். மாசச் சந்தா கெடையாது, கிரெடிட் வாங்கி வச்சு செலவு பண்ணிக்கலாம். நான் அதத்தான் எடுத்திருப்பேன், ஆனா அதுக்கு 465, இல்ல 587 வேணும், என்கிட்ட ரெண்டும் பூட்டு.

அமேசானோட மெயில் அனுப்பற சர்வீஸ் எஸ்இஎஸ், அதுல 587 கூட 2587னு ஒரு போர்ட்டும் குடுக்கறாங்க, 465க்கு ஜோடியா 2465. இந்த மாதிரி பூட்டுன வீட்டுல மாட்டுனவங்களுக்குன்னே வச்ச பின்வாசல். 2587 போட்டு என்சி அடிச்சேன், சக்ஸீடட். அந்த ஒரு வார்த்தைய பாத்துட்டு எழுந்து போய் பரோட்டா சாப்ட்டு வந்தேன். மும்பை ரீஜியன் எடுத்தேன், 1000 மெயிலுக்கு 10 அமெரிக்க சென்ட், நம்ம காசுல பத்து ரூபாய்க்குள்ள.

போர்ட் விஷயத்துல இன்னொரு குழப்பமும் இருக்கு, அதையும் சொல்லிர்றேன். 587, 2587 எல்லாம் முதல்ல சாதாவா பேச ஆரம்பிச்சு, நடுவுல ஸ்டார்ட்டிஎல்எஸ்னு சொல்லி பூட்டிக்கும், அதுக்கு செட்டிங்ஸ்ல யூஸ் டிஎல்எஸ் ட்ரூ. 465, 2465 கதவ தொறக்கறப்பவே பூட்டோட வரும், அதுக்கு யூஸ் எஸ்எஸ்எல் ட்ரூ. ரெண்டையும் ஒண்ணா ட்ரூ போட்டா ஜூலிப்புக்கு அடியில இருக்கிற ஜாங்கோ ஒத்துக்காது. போர்ட்ட மாத்திட்டு இத மாத்தாம விட்டா மறுபடியும் சும்மா நிக்கும், இல்ல புரியாத எஸ்எஸ்எல் எர்ரர் வரும். பேர் வச்சவன் கொஞ்சம் யோசிச்சு வச்சிருக்கலாம், ரெண்டுமே டிஎல்எஸ்தான்.

அடுத்த அடி 535, ஆதெண்டிகேஷன் ஃபெயில்டு. சந்தோசமா இருந்துச்சு, ஏன்னா இப்ப கதவு வரைக்கும் போய்ட்டோம். இதுக்கு காரணம் ரெண்டு, ரெண்டுமே நான்தான். செட்டிங்ஸ்.பை பைத்தான் ஃபைல், அங்க எழுதறத கொட்டேஷனுக்குள்ளதான் எழுதணும், அந்த பழக்கத்துல சீக்ரெட்ஸ் ஃபைல்லயும் பாஸ்வேர்ட கொட்டேஷன் போட்டு எழுதிட்டேன், அது பைத்தான் இல்ல, சாதா கான்ஃப் ஃபைல், அங்க கொட்டேஷனும் பாஸ்வேர்டோட சேந்து போயிருது. அத எடுத்தும் போகல. அப்புறம் பாத்தா அமேசான்ல ஐஏஎம் (அக்கவுண்ட் யூசருக்கான) சீக்ரெட் கீ வேற, எஸ்எம்டிபி (மெயில் அனுப்பற முறை) பாஸ்வேர்டு வேற, யூசர் நேம் ஒரே மாதிரி இருக்கறதால ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். எஸ்இஎஸ் பக்கத்துல எஸ்எம்டிபி கிரெடென்ஷியல்னு தனியா உருவாக்கணும், அதுவும் அந்தந்த ரீஜியனுக்கு தனி. உருவாக்கறப்ப ஒரு தடவதான் காட்டும், டவுன்லோடு பண்ணி வச்சுக்கோங்க.

அதுக்கு அடுத்து 554, இந்த அட்ரஸ் வெரிஃபை ஆகலன்னு. நோரிப்ளை நம்ம டொமைன்தானே, அத வெரிஃபை பண்ணிட்டேனே, பின்ன ஏன்னு மண்டய பிச்சுக்கிட்டேன். இங்கதான் அந்த ரெண்டு மெயில் டெஸ்ட்டோட அரும தெரிஞ்சுது, இன்ஸ்டால் பண்றப்ப அட்மின் மெயில்னு என்னோட ஜிமெயில் ஐடிய குடுத்து வச்சிருந்தேன், முதல் டெஸ்ட் மெயில் அந்த ஜிமெயில் பேர்ல போக பாக்குது, அமேசான் "ஜிமெயில் உன்னோட டொமைனா"ன்னு திருப்பி அனுப்புது, நியாயம்தானே. ஜூலிப் அட்மினிஸ்ட்ரேட்டர்ங்கிற வரில கம்பெனி டொமைன்ல ஒரு ஐடிய போட்டதும் ரெண்டு மெயிலும் போயிருச்சு.

போயிருச்சுன்னு துள்ளி குதிச்சு மறுபடியும் 37 இன்விட்டேஷன் அனுப்புனேன். போகல! டெஸ்ட் போகுது, இன்விட்டேஷன் போகல. இதுக்கு நான் திங்கக்கிழமை ராத்திரி பூரா முழிச்சேன். டெஸ்ட் கமாண்ட் ஒவ்வொரு தடவையும் செட்டிங்ஸ புதுசா படிக்கும், ஆனா ஓடிட்டு இருக்கிற சர்வர் ஆரம்பிச்சப்ப படிச்ச பழைய செட்டிங்ஸ்லயேதான் ஓடிட்டு இருக்கும், ரீஸ்டார்ட் சர்வர் ஸ்கிரிப்ட்ட ஓட்டுனாதான் அதுக்கு விஷயமே தெரியும். டாக்குமெண்டேஷன்ல தெளிவா எழுதியிருக்கு, நான் டெஸ்ட் வேல செஞ்ச குஷில அத தாண்டி போய்ட்டேன். எனக்கு ஒரு ஆசை, டெஸ்ட் சக்ஸஸ் ஆனதும் கடைசி வரில "ரீஸ்டார்ட் பண்ணிட்டீங்களா"ன்னு ஒரு வார்த்த கேட்டா என்ன மாதிரி ஆளுங்க தூங்கலாம்.

அப்புறம் சாண்ட்பாக்ஸ். எஸ்இஎஸ்ல புது அக்கவுண்ட்டுக்கு ஒரு நாளைக்கு 200 மெயில்தான், அதுவும் வெரிஃபை பண்ண அட்ரஸுக்கு மட்டும். டெஸ்ட் மெயில் வாங்குன என்னோட இன்னொரு ஐடிய வெரிஃபை பண்ணி வச்சிருந்ததால எனக்கு போச்சு, மத்தவங்களுக்கு போகாது. வெளிய விடுங்கன்னு ஒரு ஃபார்ம் இருக்கு, அதுல நான் "சாட் நோட்டிஃபிகேஷன்"னு ஒரே வரி எழுதி அனுப்ப, விவரமா எழுதுங்கன்னு திருப்பி கேட்டாங்க. யாருக்கு போகும், எத்தன போகும், அட்ரஸ் எங்கேர்ந்து வருது, பவுன்ஸ் ஆனா (போகாம திரும்பி வந்தா) என்ன பண்ணுவீங்கன்னு ஒழுங்கா ஒரு பத்தி எழுதுனதும் விட்டாங்க. முதல்லயே அப்படி எழுதிருங்க.

இப்ப முக்கியமான எடம், டிஎன்எஸ், நம்ம டொமைன் பேருக்கான பொது பதிவேடு. மெயில் போறது வேற, இன்பாக்ஸ்ல போய் விழுறது வேற. எஸ்எம்டிபிய 1982ல எழுதுனாங்க, அன்னிக்கு நெட்வொர்க்ல இருந்தவங்க எல்லாம் ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சவங்க, அதனால அனுப்புனர் பேர யாரும் சரி பாக்கறதில்ல. இன்லேண்ட் லெட்டர்ல பின்னாடி யார் அட்ரஸ வேணா எழுதி போஸ்ட் பாக்ஸ்ல போட்றலாம்ல, அதே கததான். அதுக்கு மேல பின்னாடி ஒட்டுப்போட்டதுதான் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணும். இந்த டொமைனுக்கு இன்னின்ன சர்வர்தான் லெட்டர் கொண்டு வரும்னு சொல்றது எஸ்பிஎஃப், லெட்டர் மேல அரக்கு முத்திரை வைக்கிறது டிகிம், ரெண்டும் சரியில்லாம ஒரு லெட்டர் நம்ம பேர்ல வந்தா என்ன பண்ணனும்னு எழுதி வைக்கிறது டிமார்க். 2024 பிப்ரவரிலேர்ந்து கூகுளும் யாகூவும் இதுல கண்டிப்பாயிட்டாங்க, ஒரு நாளைக்கு 5000க்கு மேல அனுப்பறவங்களுக்கு மூணும் கட்டாயம், மத்தவங்களுக்கும் எஸ்பிஎஃப் டிகிம் ரெண்டுல ஒண்ணாச்சும் இருக்கணும்.

அமேசான்ல டிகிமுக்கு மூணு சிநேம் ரெக்கார்டு (டிஎன்எஸ்ல போட வேண்டிய வரி) குடுப்பாங்க. அத காப்பி பண்ணி டொமைன் வாங்குன எடத்துல இருக்கிற பேனல்ல ஒட்டணும். ஆரம்பத்துல டொமைன வெரிஃபை பண்றப்ப நான் முழு பேரையும் அப்படியே ஒட்டுனேன், பேனல் தன் பங்குக்கு பின்னாடி டொமைன் பேர இன்னொரு தடவ சேத்துக்கிச்சு, ஆக டொமைன் ரெண்டு தடவ வருது, அமேசான் பக்கம் பெண்டிங் பெண்டிங்னே காட்டுது, டிஎன்எஸ் பரவ நேரமாகும்னு எல்லாரும் சொல்வாங்களே, நானும் ஒரு நாள் பூரா பரவட்டும் பரவட்டும்னு காத்திருந்தேன். தப்பா போட்டது எத்தன நாள் ஆனாலும் பரவாதுல்ல. டிஎன்எஸ்ல என்ன இருக்குன்னு காட்டற டிக் கமாண்ட் அடிச்சு பாத்தப்பதான் வெளங்குச்சு. ஒட்டுனதும் டிக் அடிச்சு பாருங்க, காத்திருக்கறதெல்லாம் அப்புறம்.

எஸ்பிஎஃப்ல ஒண்ணு சொல்றேன், இத நிறைய பேர் தப்பா சொல்லிக் குடுக்கறாங்க. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒண்ணுதான் இருக்கணும். கம்பெனி மெயிலுக்குன்னு ஏற்கனவே ஒண்ணு இருக்கறப்ப, சாட்டுக்குன்னு ரெண்டாவதா இன்னொண்ணு சேத்தா ரெண்டுமே செல்லாம போயிரும், சாட் மெயிலோட சேந்து பையருக்கு போற கம்பெனி மெயிலும் மாட்டும். எக்ஸ்போர்ட் கம்பெனில இன்வாய்ஸ் மெயில் ஸ்பாம்ல போச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. பழைய வரிக்குள்ளயே புது ரிலேவுக்கான இன்க்ளூட்ட சேக்கணும். இல்லன்னா சாட்டுக்கு தனி சப்டொமைன், ஜூலிப் நோரிப்ளை அட்ரஸ் எப்படியும் சர்வர் ஹோஸ்ட்நேம்லேர்ந்துதான் கெளம்பும், அத தொடாம விட்டாலே பெரிய டொமைனுக்கு தொந்தரவில்ல. எஸ்இஎஸ்ல இன்னும் சுலபம், கவருக்கு வெளிய இருக்கிற அனுப்புனர் அமேசானோட சொந்த டொமைன்ல இருக்கறதால எஸ்பிஎஃப் அங்கயே பாஸாயிரும், டிமார்க்குக்கு நம்ம டிகிம் முத்திரை ஒண்ணே போதும், எஸ்பிஎஃப் வரிய நான் தொடவே இல்ல. டிமார்க் மட்டும் பி ஈக்வல்ஸ் நன், அதாவது எதையும் தடுக்க வேணாம்னு ஆரம்பிச்சேன், ரிப்போர்ட் வரட்டும்னு.

புதன்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு மூணாவது தடவையா இன்விட்டேஷன். இந்த தடவ மடமடன்னு உள்ள வர ஆரம்பிச்சாங்க. அஞ்சு பேர் வரல, பாத்தா லிஸ்ட்ட டைப் பண்ண தம்பி ஜிமெயில்ங்கறத ஜிமியல், கமெயில்னு அவர் இஷ்டத்துக்கு அடிச்சிருக்கார், அஞ்சும் பவுன்ஸ். 37ல அஞ்சுன்னா 13 சதவீதத்துக்கு மேல, எஸ்இஎஸ்ல பவுன்ஸ் 5 சதவீதத்துக்குள்ள வச்சுக்க சொல்றாங்க, 10 தாண்டுனா அனுப்பறத நிறுத்தி வைக்கலாம்னு எழுதியே வச்சிருக்காங்க. கொஞ்ச எண்ணிக்கைங்கறதால தப்பிச்சேன்னு நெனைக்கறேன். லிஸ்ட்ட ஒரு தடவ கண்ணால பாத்துட்டு அனுப்புங்க.

அடுத்த நாள் காலைல அக்கவுண்ட்ஸ் அக்கா போன். "ஏனுங் தம்பி, நோரிப்ளைன்னு போட்டு பின்னாடி என்னென்னமோ எழுத்தா வருதுங், இத தொட்டா பேங்க்ல பணம் போயிருமுங்களா?" அவங்கள குத்தம் சொல்ல முடியாது, ஜூலிப் அனுப்புற கன்ஃபர்மேஷன், ரீசெட் மெயில் எல்லாம் நோரிப்ளைக்கு பின்னாடி ஒரு நீள ரேண்டம் சரத்தோட வரும், ஒவ்வொரு மெயிலுக்கும் வேற வேற. பாக்க ஃப்ராடு மாதிரிதான் இருக்கு. ஆனா காரணத்த படிச்சதும் எனக்கு இவங்க மேல மரியாதை கூடுச்சு. கம்பெனி டொமைன்ல மெயில் ஐடி இருக்கறவங்க யாரும் சேரலாம்னு சாட்ல செட் பண்ணி வச்சிருக்கோம்னு வைங்க. அதே கம்பெனிக்கு கஸ்டமர் டிக்கெட் சிஸ்டம் ஒண்ணு இருக்கு, சப்போர்ட்னு ஐடி, அந்த ஐடிக்கு வர்ற மெயில் டிக்கெட்டா மாறி, அனுப்புனவர் கணக்குல தெரியும். திருடன் என்ன பண்ணுவான்னா டிக்கெட் சிஸ்டத்துல "நான்தான் நோரிப்ளை"ன்னு ஒரு கணக்கு தொறந்துட்டு, சாட்ல சப்போர்ட் ஐடிய குடுத்து சேரப் பாப்பான். சாட் சர்வர் நோரிப்ளைலேர்ந்து சப்போர்ட்டுக்கு கன்ஃபர்மேஷன் லிங்க் அனுப்பும், அது டிக்கெட்டாகி நேரா திருடன் கணக்குல போய் நிக்கும். கிளிக் பண்ணான்னா கம்பெனி சாட்டுக்குள்ள வந்துட்டான். 2017ல பெல்ஜியத்துக்காரர் ஒருத்தர் இந்த மாதிரி ஓட்டைய பல பெரிய கம்பெனிகள்ல காட்டுனார். அனுப்புனர் அட்ரஸே ஒவ்வொரு தடவையும் மாறுச்சுன்னா அந்த திருடனால முன்கூட்டியே அதே பேர்ல கணக்கு தொறக்க முடியாதுல்ல, அதுக்குதான் இந்த சரம். சில ரிலே ஒரே ஒரு ஃப்ரம் அட்ரஸத்தான் ஒத்துக்குவான், அங்க மாட்டுனா இத ஆஃப் பண்ண ஆட் டோக்கன்ஸ்னு ஒரு வரி இருக்கு, ஆனா டொமைனையே வெரிஃபை பண்ணிக்கிற ரிலேயா பாத்து எடுத்துட்டு இத ஆன்லயே வைங்க. அக்காகிட்ட இவ்ளோ சொல்லல, "தொடுங்கக்கா, நம்முளுதுதான்"னேன்.

மத்த சாட் சர்வர்லாம் எப்படின்னா, மேட்டர்மோஸ்ட்ல இதையே வெப் பக்கத்துல சிஸ்டம் கன்சோல்ல பண்ணலாம், டெஸ்ட் பண்ண ஒரு பட்டன் கூட இருக்கு, மெயில் செட் பண்ணலன்னா மேல ஒரு பட்டை போட்டு ஞாபகப்படுத்திட்டே இருக்கும். ராக்கெட்.சாட்டும் அட்மின் பக்கத்துலயே. மேட்ரிக்ஸ் சினாப்ஸ்ல யாமல் ஃபைல், ஒரு ஸ்பேஸ் தள்ளிப்போனா போச்சு. ஜூலிப்ல மெயில் செட்டிங் எதையும் வெப்ல தொட முடியாது, சர்வருக்குள்ள போய்தான் ஆகணும். பாதுகாப்புன்னு பாத்தா சரி, சாட் அட்மின் பாஸ்வேர்டு போனாலும் மெயில் பாஸ்வேர்டு போகாது. ஆனா டெர்மினல பாத்தா பயப்படற ஆளுக்கு இது ஆகாத வேல. அப்படி ஆளுங்க அவங்களோட கிளவுட்லயே போயிருங்க, இலவச பிளான்ல 10,000 மெசேஜ் வரைக்கும்தான் பின்னாடி தேட முடியும், மெயில் பத்தி நீங்க நெனைக்கவே வேணாம்.

இப்ப ரெண்டு மாசம் ஆச்சு. மிஸ் ஆன மெசேஜுக்கு உடனே மெயில் அனுப்பாம ரெண்டு நிமிசம் பொறுத்து, அதுக்குள்ள ஆள் பாத்துட்டா விட்டுருது, பாக்கலன்னா சேந்தாப்ல ஒரே மெயிலா அனுப்புது. சப்ஜெக்ட்ல சேனல் பேரும் டாபிக் பேரும் வர்றதால ஜிமெயில்ல ஒரு ஸ்டைல் நம்பருக்கு ஒரே சரமா அடுக்கிக்குது, மெர்ச்சண்டைசர் புள்ளைங்க சில பேர் ஜூலிப்ப தொறக்காம மெயில்லயே படிச்சுட்டு இருக்காங்க, அது வேற பிரச்சின. காஸ்டிங் சேனல் மேட்டர் மெயில்ல போறது அண்ணனுக்கு புடிக்கல, மெயில்ல மெசேஜ் உள்ளடக்கம் போகாம நிறுத்த ஆர்கனைசேஷன் செட்டிங்ல ஒரு டிக் இருக்கு, ஆனா எல்லா சேனலுக்கும் சேத்துதான், ஒரு சேனலுக்கு மட்டும் பண்ண முடியாது. யோசிச்சுட்டு அப்படியே விட்டுட்டார். அமேசான் பில் மாசம் ஐம்பது ரூபா தாண்டல.

மார்க் போடணும்னா ஜூலிப்போட மெயில் பகுதிக்கு பத்துக்கு எட்டு. வெப்ல மாத்த முடியாததுக்கு ஒண்ணு, ரீஸ்டார்ட் ஞாபகப்படுத்தாததுக்கு ஒண்ணு கழிச்சேன், ரெண்டாவது கொஞ்சம் பழி வாங்கற மாதிரிதான், இருக்கட்டும்.

போன வாரம் அண்ணன் கேக்கறார், "தம்பி, வர்ற மெயில அப்படியே ரிப்ளை பண்ணா சாட்ல போய் விழற மாதிரி பண்ணலாமாங்?" பண்ணலாம், இன்கமிங் கேட்வேன்னு இருக்கு, அதுக்கு எம்எக்ஸ் ரெக்கார்டு (மெயில் எந்த சர்வருக்கு வரணும்னு சொல்ற டிஎன்எஸ் வரி) போட்டு 25ம் போர்ட்ட உள்பக்கமா தொறக்கணும். அந்த விபிஎஸ்காரன் சொன்ன 60 நாள் நாளையோட முடியுது.